குடும்பத்தோடு வருகிறவர்கள்

தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கும் திருநர் சமூகத்தினருக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலாளர் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், ஓர் இளைஞரும் நானும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதாகத்தான் பெரும்பாலோர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் என் வேலையின் கடினமான பகுதி, அவரை அழைத்து வந்து வெளியே காத்திருக்கும் அம்மாவிடமும் அப்பாவிடமும், சில வேளைகளில் கூடவே வந்திருக்கும் தாய்மாமாவிடமும்தான் இருக்கிறது. பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்ற வேண்டிய நோயாகக் கருதாமல் ஏற்றுக்கொண்டு தொடங்கும் ஏற்புவழி மனநலச் சிகிச்சை பற்றி நான் படித்த நூல்களில் பல அமெரிக்காவில் எழுதப்பட்டவை. தானே நேரம் வாங்கி, தன் பணத்தில் கட்டணம் செலுத்தி, தனியே வந்து தனியே திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. என்னிடம் அப்படி வருகிறவர்களும் உண்டு என்றாலும், குடும்பத்தின் பணத்தில், குடும்பத்தின் வண்டியில், குடும்பத்தின் அச்சத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வருகிறவர்களே அதிகம். அவர்களுக்கு இந்தச் சிகிச்சை பயன்பட வேண்டுமானால், அதன் அடிப்படை நெறியை ஓர் இழைகூடத் தளர்த்தாமல், அதைச் செய்யும் முறையை மட்டும் நம் வீடுகளுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வளர்ந்தவள். உளவியலில் முதுகலை முடித்த பிறகு, மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியை ஒரு மருத்துவமனையில் பெற்றேன். மனச்சிதைவையும் இருமுனைக் கோளாறையும் குடிநோயையும் எங்களுக்குப் பொறுமையாகக் கற்றுத்தந்த அந்தப் பயிற்சியில், பாலீர்ப்பு பற்றிய பாடம் ஏறக்குறைய ஒரே ஒரு குறியீட்டு எண்ணாக மட்டுமே வந்து போனது: எஃப் 66.1. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. பாலீர்ப்பைத் தன்னளவில் கோளாறாகக் கருதக்கூடாது என்று ஐ.சி.டி. 10 எனப்படும் அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பு தெளிவாகவே குறிப்பிட்டது. ஆனால் தன் பாலீர்ப்பு தனக்கே ஒவ்வாததாக இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அந்த விருப்பத்துக்கென்று அதே பட்டியலில் எஃப் 66.1 என்ற அந்த எண் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டில் அடிபட்டு, கல்லூரியில் கேலி செய்யப்பட்டு, கோயில் கோயிலாக அழைத்துச் செல்லப்பட்ட ஒருவர் கடைசியில் மருத்துவர் முன் அமர்ந்து "எனக்கு இது வேண்டாம், மாத்திடுங்க" என்று அழும்போது, அந்த அழுகையை நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்ள அந்த எண் வழிசெய்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. 11 இந்தக் குறியீட்டை அடியோடு நீக்கியதோடு, திருநர்களின் பாலின உணர்வையும் மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்தது. அதற்கு முன்பே பயிற்சி முடித்து வெளியே வந்தவர்கள் இன்றும் பல ஊர்களில் மருத்துவம் பார்க்கிறார்கள் என்பதால், பழைய எண் இன்னும் சிலருடைய பேனாவில் உயிரோடு இருக்கிறது.

இந்தத் துறை தன் தவறான அறிவிலிருந்து வெளியேறிய வரலாறு, பயிற்சியின்போது சொல்லித்தரப்படாவிட்டாலும், ஒவ்வோர் உளவியலாளரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1957இல் எவலின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்பாலீர்ப்பு கொண்ட 30 ஆண்களுக்கும் எதிர்பாலீர்ப்பு கொண்ட 30 ஆண்களுக்கும் மைக்கறைப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் உள்ளிட்ட ஆளுமைச் சோதனைகளை நடத்தி, யார் யார் என்ற அடையாளத்தை நீக்கிவிட்டு அவற்றை வல்லுநர்களிடம் கொடுத்தபோது, அவர்களால் இரு தரப்பாரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1972இல் டல்லாஸ் நகரில் நடந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கூட்டத்தில், ஜான் ஃப்ரையர் என்ற மனநல மருத்துவர் முகமூடி அணிந்து, குரலை மாற்றும் ஒலிபெருக்கியில், தானும் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று பேசினார். நோயாளிகளைக் குணப்படுத்தும் மருத்துவர் ஒருவர் தன் சக மருத்துவர்கள் முன்பே முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்த அந்த நிலையை நினைக்கும்போதெல்லாம், என் அறைக்கு வெளியே துப்பட்டாவால் முகத்தை மூடியபடி காத்திருப்பவர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அந்தச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது.

நோய் இல்லை என்றால் இவர்கள் ஏன் இவ்வளவு துன்பப்படுகிறார்கள் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இலன் மேயர் என்ற ஆய்வாளர் 1995இலும், பின்னர் விரிவாக 2003இலும் முன்வைத்த சிறுபான்மை மனஅழுத்தம் என்ற கோட்பாடு இதற்கு நல்ல விடை தருகிறது. வெளியிலிருந்து வரும் அவமதிப்பும் வன்முறையும் ஒரு பக்கம் இருக்க, அவை எப்போது வரும் என்று ஓயாமல் எதிர்பார்த்திருப்பது, தன்னை மறைத்துக்கொள்வதற்காக ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுவது, ஊர் தன்னைப் பற்றிச் சொல்வதைத் தானே நம்பத் தொடங்குவது ஆகியவை உள்ளிருந்து அரிக்கின்றன. அலுவலகத்தில் "வார இறுதியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், துணைவரின் பெயரை மாற்றிச் சொல்ல ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் திருமணத்தில் "அடுத்து உனக்குத்தான்" என்று வரிசையாக வந்து சொல்லும் அத்தைமார்களுக்குச் சிரித்த முகம் காட்ட வேண்டியிருக்கிறது. இப்படி நாள் முழுதும் விழிப்பாகவே இருக்கும் உடலுக்கு இரவில் தூக்கம் வராததில் வியப்பில்லை. ஏற்புவழிச் சிகிச்சை என்று நான் சொல்வது இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதைத்தான். துன்பம் உண்மையானது, மனச்சோர்வும் பதற்றமும் சிகிச்சை தேவைப்படுபவை, ஆனால் அவற்றின் வேர் அவருடைய ஈர்ப்பில் இல்லை என்ற தெளிவோடு சிகிச்சையைத் தொடங்குவது.

வருகிறவர் பேசத் தொடங்கும் முன்பே இந்தத் தெளிவு சில சிறிய ஏற்பாடுகளில் தெரிந்துவிட வேண்டும். என் பதிவுப் படிவத்தில் ஆதாரில் உள்ள பெயரைக் கேட்பதற்கு முன், எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது; காத்திருப்போர் முன்னிலையில் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று தனியாக ஒரு கேள்வியும் இருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திருநங்கை ஒருவர் தன் பெயரில் அழைக்கப்பட விரும்பினாலும், கூட வந்திருக்கும் அப்பாவின் முன் அது ஒலிப்பதை அன்று விரும்பாமல் இருக்கலாம். குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போக வேண்டும், அந்தக் கைபேசியை வீட்டில் வேறு யார் பார்க்கிறார்கள், ஜிபேயில் பணம் அனுப்பினால் அப்பாவின் வங்கிக் கணக்கில் என்ன பெயர் தெரியும் என்பவற்றையெல்லாம் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுகிறேன். இணையவழியில் வருகிறவர்கள் மொட்டை மாடியிலிருந்தும், நிறுத்திவைத்த காரிலிருந்தும், விடுதியின் துணி உலர்த்தும் இடத்திலிருந்தும் பேசுகிறார்கள். யாராவது வந்துவிட்டால் பேச்சைத் தேர்வு, வேலை என்று மாற்றிக்கொள்ள ஒரு குறிச்சொல்லை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்கிறோம். இவை சிகிச்சைக்கு முந்தைய நிர்வாக வேலைகள் என்று சிலர் நினைக்கலாம். தன் பாதுகாப்பைப் பற்றி ஒருவர் முதன்முதலாகத் தன் கவலையை வெளிப்படையாகச் சொல்ல முடிகிற இடம் பல வேளைகளில் இந்த உரையாடல்தான் என்பதால், சிகிச்சை இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று நான் கருதுகிறேன்.

இனிக் குடும்பம். பெற்றோர் உள்ளே வந்து அமர்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மாத்திட முடியும்தானே மேடம்?" முடியாது என்பதையும், மாற்ற முயல்வதாகச் சொல்லி யாராவது மருந்தோ ஷாக்கோ கொடுத்தால் அது தவறு என்பதையும் நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் சட்டம் என் பக்கம் இருப்பது பெரிய உதவி. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தபோது, அவர்களுடைய பெற்றோர் காணவில்லை என்று காவல்துறையில் புகார் கொடுக்க, அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று ஒரு விரிவான ஆணையைப் பிறப்பித்தார். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்ததோடு, அப்படிச் செய்கிறவர்களின் உரிமத்தைப் பறிப்பது உள்ளிட்ட நடவடிக்கைகளுக்கும் அந்த ஆணை வழிகாட்டியது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் பாலீர்ப்பை மாற்ற முயலும் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

அந்த வழக்கில் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது இரண்டு செய்திகளை. தனக்கு இந்தப் பொருளில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, நீதிபதியே ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டுச் சென்று அமர்ந்து கற்றுக்கொண்டார்; அதன் பிறகே தீர்ப்பு எழுதினார். மற்றொன்று அந்தப் பெற்றோர் ஆலோசகரிடம் சொன்னது. மகள்கள் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்வதைக் காட்டிலும், வாழ்நாள் முழுதும் துணையே இல்லாமல் இருப்பது மேலானது, அதுவே கௌரவமானது என்று அவர்கள் கருதினார்கள். இதைக் கேட்டு அவர்களைக் கொடியவர்கள் என்று முடிவுகட்டிவிட்டால், ஆலோசனை அறையில் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. பெண்ணின் தனிமையைவிட ஊரின் பேச்சு பெரிதாகத் தெரிகிற அளவுக்கு அந்தப் பெற்றோரை எது அச்சுறுத்தியிருக்கிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பேச்சு நகர்கிறது.

நான் அவர்களைத் தனியே சந்திக்கிறேன், அதுவும் சிகிச்சைக்கு வந்தவர் ஒப்புக்கொண்ட பிறகே. அவர் என்னிடம் சொன்ன எதுவும் அந்தச் சந்திப்பில் வெளிவராது என்பதை இரு தரப்பிடமும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் செலுத்துகிறவர் அப்பா என்பதற்காக அவருக்கு அறிக்கை கிடைத்துவிடாது. சில அப்பாக்கள் இதைக் கேட்டுக் கோபப்படுகிறார்கள். "காசு கொடுக்கிறது நான், என்ன பேசினீங்கன்னு எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டவரிடம், "உங்க பிள்ளை உங்ககிட்ட சொல்லத் தயாரா இருக்கிற அன்னிக்கு அவரே சொல்லுவார், அதுக்குத்தான் சார் நான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறேன். அம்மாக்கள் வேறு வகையில் தொடங்குவார்கள். வயிற்றில் இருக்கும்போது ஏதாவது தவறு செய்துவிட்டேனா, பெண்பிள்ளை வேண்டும் என்று ஏங்கியதால் இப்படி ஆயிற்றா, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை முடிக்காமல் விட்டுவிட்டேனா என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் குற்ற உணர்வைக் கவனிக்காமல், பாலீர்ப்பு பற்றிய அறிவியலை மட்டும் எடுத்துரைப்பதில் பயனில்லை. "நீங்க எதுவும் தப்பு பண்ணலைம்மா, இது யாரும் பண்ணி வர்றதில்லை" என்ற ஒரு வாக்கியத்தைப் பலமுறை, பல நாள்களில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது திருமணம். மகனுக்கு இருபத்தைந்து, மகளுக்கு இருபத்திரண்டு ஆனதும் ஜாதகம் கையை விட்டு வெளியே போய்விடுகிறது. "ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்ற நம்பிக்கை படிப்பறிவு, வசதி, ஊர் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. இந்த இடத்தில் மட்டும் நான் நடுநிலை வகிப்பதில்லை. அந்தத் திருமணத்துக்குள் வரப்போகும் இன்னொரு குடும்பத்துப் பெண்ணையோ பையனையோ எண்ணிப் பாருங்கள் என்று கேட்கும்போது, தங்கள் பிள்ளைக்காக இரங்காத பெற்றோர்கூட ஒரு கணம் பேச்சற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தங்கைக்கு வரன் அமையாது என்ற அச்சம் வரும்போது, அது பொய்யான அச்சம் என்று நான் சொல்வதில்லை, ஏனென்றால் பல ஊர்களில் அது பொய்யில்லை. துணைவர் வேறு சாதி என்றால், இந்த அச்சத்தின் நிறமே மாறிவிடுகிறது. தென்மாவட்டங்களில் வளர்ந்த எனக்கு, அப்போது முதலில் கேட்க வேண்டியது பாதுகாப்பு பற்றிய கேள்விகள்தான் என்பது தெரியும்: கைபேசி யாரிடம் இருக்கிறது, சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன, நள்ளிரவில் போகக்கூடிய வீடு எது.

இதனால்தான் குடும்பத்திடம் தன்னை வெளிப்படுத்திக்கொள்வதை நான் சிகிச்சையின் இலக்காக வைப்பதில்லை. சொல்லிவிட்டால் மனம் இலகுவாகும் என்பது சிலருக்கு உண்மை. சொன்ன மறுநாள் கல்லூரிப் படிப்பு நிறுத்தப்பட்டு, அறையில் பூட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் முன் வந்த ஆட்கொணர்வு மனுவில், 25 வயதுப் பெண் ஒருவர் பெற்றோரின் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, "சரி" செய்வதற்கான சடங்குகளுக்கு உட்படுத்தப்பட்டது வெளிவந்தது. அவரை விடுவித்த நீதிபதிகள், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பம் என்ற கருத்து சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது என்றும் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை நான் நன்றியோடு வாசித்தேன். ஆனாலும் ஒருவர் சொந்தக் காலில் நிற்கும் வருமானமும், தங்க இடமும், பேச நாலு பேரும் அமையும்வரை, அவர் யாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை அவரே முடிவு செய்ய நான் துணையிருப்பேன். நீதிமன்றம் திறந்திருக்கிறது என்பதற்காக அவசரப்படுத்த மாட்டேன்.

ஏற்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல விரும்புகிறேன். தான் தன்பாலீர்ப்பு கொண்டவனோ என்ற எண்ணம் நாள் முழுதும் துரத்துவதாகச் சொல்லிச் சில ஆண்கள் வருகிறார்கள். தெருவில் ஓர் ஆணைக் கடந்ததும் தன் உடலில் ஏதாவது மாற்றம் ஏற்பட்டதா என்று சோதிக்கிறார்கள், இணையத்தில் மணிக்கணக்கில் தேடுகிறார்கள், நண்பரிடம் "நான் அப்படி இல்லைதானே?" என்று திரும்பத் திரும்ப உறுதி கேட்கிறார்கள். பொறுமையாக விசாரித்தால் ஈர்ப்போ ஆசையோ அங்கே தென்படுவதில்லை, சந்தேகமும் சோதனையும் மட்டுமே தென்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் இதே மனம் பூட்டைப் பத்து முறை சரிபார்த்திருக்கும். இது ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். இவரிடம் "உங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் தவறு, "கவலைப்படாதீர்கள், நீங்கள் அப்படி இல்லை" என்று உறுதி கொடுத்தாலும் நோய் வளரும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டு, சோதிக்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையே இவருக்குத் தேவை. இதே போல், திருநங்கை ஒருவருக்கு இருமுனைக் கோளாறு இருந்தால், அதற்கான மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்வது அவருடைய பாலின அடையாளத்தை மதிப்பதோடு எந்த வகையிலும் முரண்படுவதில்லை. நோயை நோயாகவும், நோயல்லாததை நோயல்லாததாகவும் பிரித்தறியும் திறன் இல்லாத நல்லெண்ணம் இந்த அறையில் போதாது.

"நீங்களும் எங்கள்ல ஒருத்தரா மேடம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். இல்லை என்று உண்மையைச் சொல்கிறேன். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிய பால பாடத்தை அவர்கள் கட்டணம் செலுத்தும் நேரத்தில் அவர்களிடமே நான் கற்கக் கூடாது என்பதால், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த உளவியலாளர்களிடம் தொடர்ந்து மேற்பார்வை பெற்று வருகிறேன். மும்பையைச் சேர்ந்த மாரிவாலா மனநல அமைப்பு நடத்தும் ஏற்புவழிப் பயிற்சி போன்றவை, அந்தச் சமூகத்து மனநலப் பணியாளர்களே உருவாக்கி நடத்துவதால்தான் ஆழமாக இருக்கின்றன. தமிழில் இத்தகைய பயிற்சி இன்னும் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. நான் மிகவும் வருந்தும் குறை இது, ஏனென்றால் மாவட்டத் தலைநகரங்களில் பெற்றோர் முதலில் தேடிப் போவது பள்ளி ஆலோசகர்களையும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும்தான்.

சிகிச்சையில் ஓரளவு நிலைபெற்ற எல்லோரிடமும், குறிப்பாகத் துணைவரோடு வாழ்கிறவர்களிடம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு நம்பிக்கைகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. பாலீர்ப்பின் அடிப்படையில் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை வேறொரு பிரிவு தடுக்கிறது. இவற்றைவிட அன்றாடப் பயன் மிக்கது பதினான்காம் பிரிவு. 18 வயது நிறைந்த எவரும், தமக்கு மனநலச் சிகிச்சை தேவைப்படும் காலத்தில் தம் சார்பில் நிற்க வேண்டியவர் யார் என்பதை வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. துணைவராகவோ நெருங்கிய நண்பராகவோ இருக்கலாம். அப்படி எழுதி வைக்காவிட்டால், அந்த இடம் முதலில் உறவினருக்குப் போகும். எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர் மருத்துவமனை வராந்தாவில் யாரோவாக நிற்க, ஊரிலிருந்து வந்து இறங்கும் அண்ணன் கையெழுத்துப் போடுவதைத் தடுக்க ஒரு தாளும் பேனாவும் போதும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

உளவியலாளரைத் தேடுகிறவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று பலரும் விசாரிப்பதால், அதையும் சொல்லிவிடுகிறேன். என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று அவர் நம்புகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். "முயற்சி செய்து பார்க்கலாம்", "உங்களுக்கு விருப்பமிருந்தால்" என்பது போன்ற பதில் வந்தால் அங்கே போக வேண்டாம். உங்கள் பெற்றோர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று கேளுங்கள். பணம் தடையாக இருந்தால் அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். எதிர்முனையில் பேசுகிறவரிடமும் இதே கேள்விகளைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.